மூன்றாம் நம்பர் கேசட்

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. வெளியே நிலைக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருக்கும், அது எரியும்போது தட்டக் கூடாது என்று ஆயா பொன்னுத்தாயிக்குத் தெரியும், தெரிந்தாலும் தட்டுவாள். படத்தை ஹேங்கரில் மாட்டி டெவலப்பர் தொட்டிக்குள் இறக்கிவிட்டேன். நான்கு நிமிடம். எக்ஸ்ரே படம் கழுவுகிறவளுக்கு நான்கு நிமிடம் ஒரு நேரமே இல்லை. பதினான்கு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்த நான்கு நிமிடத்தை இதே ஆறடிக்கு எட்டடி இருட்டில் நின்று கழித்திருக்கிறேன், கழிந்ததே தெரிந்ததில்லை, ராத்திரிக்கு என்ன குழம்பு, தங்கச்சி குழந்தைக்குத் தடுப்பூசி எந்தக் கிழமை என்று எதையாவது நினைத்துக்கொண்டு நிற்கும்போதே மணி அடித்துவிடும். இன்றைக்கு முள் நகர மாட்டேன் என்கிறது. தொட்டியில் மிதக்கவிட்ட ஐஸ் பை ஹேங்கர் கம்பியில் மோதி மோதி விலகுகிறது. சோடாக் கடையில் காலையில் வாங்கிய ஐஸ், பாதி கரைந்திருக்கும். அது இல்லாவிட்டால் இந்தத் திருச்சி வெயிலில் மருந்து சூடேறிப் படம் கரிக்கட்டையாகிவிடும். இன்றைக்கு ஆனால் ஆகட்டும். இந்தப் படம் எப்படியும் கறுப்பாகத்தான் வரப் போகிறது, ஏனென்றால் இதற்கு முன்னால் நான் யாரையும் நிற்க வைக்கவில்லை. வெறும் கேசட்டை ஸ்டாண்டில் மாட்டி, ஆள் இல்லாமல் ஸ்விட்சை அழுத்தினேன். நெஞ்சு இல்லை, விலா இல்லை, இருதயம் இல்லை, கதிரைத் தடுக்க எதுவும் இல்லை. முழுக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா இல்லையா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கையை விட்டுத் தூக்கிச் சிவப்பு விளக்கில் பிடித்தால் இப்போதேகூடத் தெரிந்துவிடும். தூக்கவில்லை.

ஒரு மணிக்கு டாக்டர் குஞ்சிதபாதம் சாப்பிட வீட்டுக்குப் போனதும் பொன்னுத்தாயியைக் கூப்பிட்டு, நான் சொல்லும்போது இந்தப் பித்தானை அழுத்து என்று சொல்லிவிட்டு நானே போய் ஸ்டாண்டில் நெஞ்சை அழுத்தி நின்றேன். மூன்று வாரமாக இருமல். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடுகிற மாதிரி ஒரு நினைப்பு, நினைப்புத்தானா சூடுதானா என்று தெரியவில்லை. தங்கச்சி சகாயத்தின் குழந்தைக்கு எட்டு மாதம், நான் வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் நீட்டும், மூன்று வாரமாக நான் அதைத் தூக்கவில்லை, கை அழுக்கு என்கிறேன், அலுப்பு என்கிறேன், சகாயம் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். சரி, எடுத்துப் பார்த்துவிடலாம் என்றுதான். சங்கிலியைக் கழற்றினேன், பின்னலைத் தூக்கி உச்சியில் செருகினேன், பின்னல் தோளில் கிடந்தால் படத்தில் நிழலாக விழும், புதிதாக வருகிற டாக்டர்கள் அதையும் நோய் என்பார்கள். கழுவி எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினால், வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே, இரண்டாவது விலாவுக்கும் மூன்றாவது விலாவுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. நொய்யரிசி அளவு. முதலில் குழந்தையைத்தான் நினைத்தேன். அப்புறம்தான் தொழில் புத்தி வந்தது. விரல் நகம் பட்டு மடங்கியிருந்தால் பிறை மாதிரி வரும், அதுவும் கறுப்பாக வரும். உலர்ந்த காற்றில் படத்தைச் சரக்கென்று உருவினால் இலை உதிர்ந்த மரம் மாதிரிக் கிளை கிளையாக வரும். டெவலப்பரில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் வெள்ளைப் புள்ளி வரும், ஆமாம், குமிழியாக இருக்கலாம், ஹேங்கரை இரண்டு தட்டுத் தட்டினேனா? தட்டினேன். தட்டாமல் எந்தப் படத்தையும் இறக்கியதில்லை. அப்போதுதான், குமிழி குமிழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், இந்தப் புள்ளியை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. தெருவில் எதிரே வருகிறவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றுமே, அந்த மாதிரி. இதே இடம். இதே நொய்யரிசி. காத்தமுத்து.

கேசட் என்றால் பாட்டுக் கேட்கிற கேசட் இல்லை. படத்தை வெளிச்சம் படாமல் உள்ளே வைத்து மூடுகிற தட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளை அட்டை ஒட்டியிருக்கும், கதிர் பட்டதும் அந்த அட்டை ஒளிரும், அந்த ஒளிதான் படத்தை எழுதுகிறது. அட்டையில் ஒரு தூசி ஒட்டினால் அந்த இடத்தில் ஒளி மறையும், படத்தில் அங்கே வெள்ளை விழும். ஒவ்வொரு படத்திலும் விழும். நெஞ்சுப் படத்துக்கான பெரிய கேசட் எங்களிடம் மூன்று இருந்தது. ஒன்று கீழே விழுந்து உடைந்தது, இன்னொன்றின் கொக்கி தளர்ந்து வெளிச்சம் ஒழுகுகிறது, மூன்றாம் நம்பர் மட்டும்தான் உருப்படி. என்னையும் அதில்தான் எடுத்தேன். காத்தமுத்துவையும் அதில்தான். மணப்பாறைப் பக்கம் ஆவாரம்பட்டி, வயது முப்பத்திரண்டு, எலெக்ட்ரீஷியன், மஸ்கட்டுக்குப் போக மெடிக்கல். பங்குனி மாதம், கூட்டமான கூட்டம், ஏஜெண்ட் ஒருவன் பதினாறு பேரை வேனில் கொண்டு வந்து இறக்கியிருந்தான். ஆள் நல்ல உயரம், சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரிச் சிரித்தபடி நின்றார். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றால் கன்னமெல்லாம் உப்பப் பிடித்தார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அன்ஃபிட் என்று எழுதினார், நெஞ்சில் டிபி என்றார். காத்தமுத்து என்னிடம் வந்து, "இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க சிஸ்டர், எனக்கு ஒரு இருமல்கூட இல்லை" என்றார். நான் எடுத்தேன். எனக்கு என்ன, எடுத்தால் போயிற்று. எடுத்தேன், அதே மூன்றாம் நம்பரில். அதே இடத்தில் அதே புள்ளி. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, ரெண்டுலயும் இருக்கே, அப்புறம் என்னய்யா சந்தேகம் என்றார். சளியைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை. சளியில் இல்லாவிட்டால் என்ன, படத்தில் இருக்கிறதே என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேனா? ஆட்டியிருப்பேன். பக்கத்தில் நின்றவள் ஆட்டாமல் இருந்திருப்பேனா?

ஒன்றரை நிமிடம் போயிருக்கிறது. ஒன்றரைதான். மற்றவர்கள் படத்தில் ஏன் தெரியவில்லை என்று ஒரு கேள்வி எழும்புகிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன், தெரியவில்லையே, ஆகையால் கேசட்டில் ஒன்றும் இல்லை, ஆகையால் காத்தமுத்துவுக்கு நோய் இருந்தது, எனக்கும் இருக்கிறது, முடிந்தது. ஆனால் முடியவில்லை. கழுத்துக் குட்டையானவர்களுக்கு அந்த இடத்தில் காறை எலும்பு வந்து விழும், தோள் சரிந்தவர்களுக்கு விலா எலும்பு, வெள்ளைக்குள் வெள்ளை, யார் பார்க்கிறார்கள்? நானும் காத்தமுத்துவும் நெட்டைக் கழுத்துக்காரர்கள், எங்களுக்கு மட்டும் அது நடு நுரையீரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக இரண்டில் ஒன்று. தொட்டிக்குள் கிடக்கிற படத்தில் புள்ளி இல்லையென்றால் எனக்கு நோய். புள்ளி இருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை, காத்தமுத்துவுக்கும் ஒன்றும் இருந்ததில்லை. மாதாவை நினைத்து மங்கள வார்த்தை ஜெபம் சொல்லத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது. எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. புள்ளி இல்லாமல் இருக்கட்டும் என்று ஒரு குரல், என் குரல்தான். அப்படியென்றால் எனக்கு நோய் வரட்டும் என்று. வரட்டுமே, மாத்திரை இருக்கிறது, ஒன்பது மாதம், ஒரு வருஷம், தீர்ந்துவிடும், குழந்தையைத் தூக்காமல் இருந்துகொள்ளலாம், தனித் தட்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நான் யாருக்கும் எதுவும் செய்தவள் ஆக மாட்டேன். எவ்வளவு சுகமான நோய். உடனே குழந்தையின் கை ஞாபகம் வருகிறது, மோதிர விரலில் மடிப்பு மடிப்பாக, எச்சில் ஈரத்தோடு, ஐயோ எனக்கு எதுவும் வேண்டாம், நோய் வேண்டாம், புள்ளி இருக்கட்டும், கேசட்டிலேயே இருக்கட்டும் என்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரில் முட்டுகிறேன். இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, இருந்தால் அறை எதற்கு?

வெறும் படம் எடுப்பதற்கு முன்பே கேசட்டைத் திறந்து அட்டையைப் பார்த்தாயிற்று. வெள்ளை விளக்கில், வெளி அறை ஜன்னலோரம், கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்தாயிற்று. பழைய அட்டை, மஞ்சள் பாய்ந்திருக்கிறது, அங்கங்கே நாலைந்து பொட்டுக் கறைகள், எது ஒளியைத் தடுக்கும் எது தடுக்காது என்று கண்ணால் சொல்ல முடியாது. மாதம் ஒரு தடவை பஞ்சும் திரவமும் வைத்துத் துடைக்க வேண்டும். அது என் வேலை. சுவரில் அட்டவணை தொங்குகிறது, மாதத்துக்கு ஒரு கட்டம், துடைத்தால் ஒரு டிக். தை மாதம் சகாயத்துக்குப் பிரசவம், நான் லீவு, மாசியில் திரும்பி வந்தபோது இரண்டு கட்டம் காலியாக இருந்தது, கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது, பேனாவை எடுத்து இரண்டு டிக் போட்டேன். துடைக்கவில்லை. பங்குனிக்கும் போட்டேன். துடைத்தேனா? பங்குனியில் துடைத்த மாதிரி ஒரு ஞாபகம் இருக்கிறது, திரவத்தின் வாசனைகூட வருகிறது, ஆனால் அந்த வாசனை போன வருஷத்து வாசனையாகவும் இருக்கலாம். இந்த அறையின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது என்று நானே எத்தனை தடவை பொன்னுத்தாயியிடம் சொல்லியிருக்கிறேன். கேசட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

காத்தமுத்து போன மாதம் வந்திருந்தார். ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டாயிற்று, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், நோயாளி என்றால் மெலியத்தான் வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். டாக்டர் வர நேரமானது, அதனால் என்னிடம் சொன்னார். "சிவப்பு வயரும் பச்சை வயரும் ஒண்ணாத் தெரியுது சிஸ்டர். ரெண்டும் சாம்பலாட்டம் இருக்கு. போன வாரம் ஒரு வீட்டுல மாத்திக் கொடுத்துட்டேன், நல்லவேளை யாரும் தொடலை." அதிலிருந்து வேலைக்குப் போகவில்லையாம். டாக்டரிடம் போனார். டாக்டர், இந்த மாத்திரையில் ஒன்று சிலருக்குக் கண்ணைத் தொடும், பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும், கண்ணா உயிரா என்று கேட்டார். அவர் உயிர் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் அறை வாசலில் எரிகிற இந்தச் சிவப்பு பல்பைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எரியுதா சிஸ்டர் என்று கேட்டார். எரியுது என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை என்பதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை.

பொன்னுத்தாயி கதவைத் தட்டுகிறாள். டாக்டர் வந்தாச்சு பெர்னதெத்தம்மா, உங்களைக் கேக்கறாரு என்கிறாள். இரு, படம் தண்ணியில இருக்கு என்கிறேன். தண்ணியில் இல்லை, இன்னும் மருந்தில்தான் இருக்கிறது, நான்கு நிமிடம் தாண்டி ஐந்தாகிவிட்டது, மணி அடித்திருக்கிறது, நான் கேட்கவில்லை. படத்தைத் தூக்கி, பார்க்காமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீரில் முக்கி, படத்தை நிலைக்க வைக்கிற பிக்ஸர் தொட்டிக்குள் இறக்கினேன். இரண்டு நிமிடம் ஆனால் விளக்கைப் போடலாம். பிக்ஸரின் புளித்த நெடி மூக்கில் ஏறி இருமல் வருகிறது. இருமுகிறேன். பதினான்கு வருஷம் இந்த நெடியை மூச்சில் இழுத்திருக்கிறேன், இருமாமல் என்ன செய்யும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. இப்போதே வெளியே போய்விடலாம், படத்தைக் குப்பையில் போட்டுவிடலாம், அட்டையைத் துடைத்துவிடலாம், துடைத்துவிட்டால் நாளைக்கு இது குமிழியா நோயா தூசியா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதை நினைத்ததும் கால் கதவை நோக்கி ஒரு அடி வைத்தது. என் கால்தான். இரண்டு நிமிடம் ஆயிற்று. கையைத் தூக்கி ஸ்விட்சைப் போட்டேன்.

கறுப்பு. தார் மாதிரிக் கறுப்பு. அதில் மேலே, ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, நொய்யரிசி அளவுக்கு ஒரு ஓட்டை போட்ட மாதிரி வெள்ளை. எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் வந்தது அதுதான், மறைத்துப் பயனில்லை, எனக்கு ஒன்றும் இல்லை, குழந்தையைத் தூக்கலாம் என்று உடம்பெல்லாம் தண்ணீர் மாதிரி ஒன்று ஓடியது. அந்த ஓட்டம் நிற்கும் வரைக்கும் காத்தமுத்து என் நினைப்பில் எங்கோ ஓரத்தில் காத்துக்கொண்டு நின்றார். ஓட்டம் நின்ற பிறகுதான் முன்னால் வந்தார். சொட்டச் சொட்டப் படத்தை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் கேசட்டோடு கதவைத் திறந்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

டாக்டர் விளக்குப் பெட்டியில் இரண்டு படத்தையும் பார்த்தார், என்னுடையதையும் கறுப்பையும். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தையில் துடைக்காததையும் மாசியில் டிக் போட்டதையும் சேர்த்து. அவர் கேசட்டை வாங்கித் திறந்தார். கறுப்புப் படத்தை மேலே வைத்து இடத்தைக் கணக்குப் பண்ணி, கட்டைவிரல் நகத்தால் அட்டையைச் சுரண்டினார். வந்துவிட்டது. ஒரே சுரண்டல். விரல் நுனியில் சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. சளியில இல்லைன்னு வந்ததே என்று தனக்குத்தானே சொன்னார். அறுபது வயது அவருக்கு, சட்டென்று இன்னும் பத்து கூடிவிட்டது. பிறகு, சரிம்மா, நல்லாத் துடைச்சு வை, மத்ததை நாளைக்கு யோசிப்போம், அவசரப்பட்டு வெளியில சொல்ல வேண்டாம் என்றார். நான் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு ராத்திரியும் அவர் மாத்திரை போடுவார், டாக்டர்."

கடைசியில் அவர் லெட்டர் பேடை இழுத்து இரண்டு வரி எழுதினார். மருந்தை உடனே நிறுத்தவும், கண் டாக்டரைப் பார்க்கவும், கையெழுத்து. காரணம் எழுதவில்லை. கண் திரும்புமா என்று கேட்டேன். சீக்கிரம் நிறுத்தினா பல பேருக்குத் திரும்பும், இவர் ரெண்டு மூணு மாசமா தடுமாறிட்டிருக்கார், சொல்ல முடியாது என்றார். இப்பவே கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்றேன். நாளைக்கு நானும் வந்து பார்க்கிறேன் என்றார், வருவாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்கே தெரியவில்லை. காரணத்தை அந்தத் தாளின் கீழேயே என் கையெழுத்தில் எழுதினேன். உங்கள் நெஞ்சில் நோய் எதுவும் இருந்ததில்லை, எங்கள் பெட்டியில் இருந்த தூசி படத்தில் விழுந்தது, அதைத் துடைக்க வேண்டியவள் நான், பெர்னதெத். டாக்டர் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பதிவேட்டில் விலாசம் பார்த்துக்கொண்டு மணப்பாறை பஸ் ஏறினேன்.

ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகக் கட்டினேன், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தடையில் குலுங்கிச் சரிந்தது. ஆவாரம்பட்டியில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஓட்டு வீடு. காத்தமுத்து வாசலில் தனியாக உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், படத்துல இன்னும் ஏதும் வந்திருக்கா சிஸ்டர் என்று கேட்டார். தாளை நீட்டினேன். எழுத்து மங்கலாத் தெரியுது, நீங்களே படிங்க என்றார். படித்தேன். டாக்டர் எழுதியதையும் படித்தேன், என்னுடையதையும் படித்தேன், என் பெயரையும் சேர்த்துப் படித்தேன். அவர் கோபப்படுவார் என்று வந்திருந்தேன். கோபப்பட்டால் வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடலாம் என்றும் உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்து வந்திருக்கிறேன் போல. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டார்.

"அப்ப இத்தனை மாசமா எனக்கு என்னதான் இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க."

ஒண்ணும் இல்லை என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், சரியாக வருகிறதா என்று பார்ப்பது போல. உள்ளே போய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி பாக்கியம் மகளைத் தூக்கிக்கொண்டு சித்திரையிலேயே அடுத்த தெருவிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம், சின்னப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. குழாயடியில் பார்த்தால் அவர் மகள் ஓடி வரப் பார்க்கும், பிடித்துக்கொள்வார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கி விறுவிறுவென்று தெருவில் நடந்தார், என்னை மறந்துவிட்டார் என்று நினைத்தேன், போகட்டும், நான் இப்படியே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, சகாயம் தேடுவாள். நான்கு வீடு தாண்டி அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் வாங்க சிஸ்டர். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்கதான் சொல்லணும்."

தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.